‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’

“ஆண்டை வூட்டு மாட்டுக் கொட்டாய எங்கம்மாவோட தல முழுவிட்டம்னு இருந்தேன். எம்பொண்ணு பி.எஸ்சி. படிச்சிட்டு வெள்ளக்காரன் வூட்டுப் புள்ளைக்குப் பீ வாரப் போவணுமா? இதுக்காடா தம்பி அவள படிக்க வச்சேன்?”

அக்கா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவள் மகள் சென்னையில் ஜெர்மன் படித்து, முதல் நிலைத் தேர்வும் எழுதி, ‘ஓ-பேர்’ விசாவில் ஜெர்மனிக்குப் போகக் கிளம்பி நின்றாள். வெளிநாட்டு இளம்பெண்ணோ பையனோ ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, சின்னச் சின்ன வீட்டு வேலைகள் செய்து, அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. சாப்பாடு, தனி அறை, கைச்செலவுக்குக் காசு ஆகியவை அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. ‘ஓ-பேர்’ பிரெஞ்சுச் சொல். சமமாக, சரிக்குச் சரியாக என்று பொருள். “சமமாத்தான் நடத்துவாங்கக்கா, பேரே அதான்” என்றேன். அக்கா சிரித்தாள். “பேரு வச்சா சோறு வச்சிருவாங்களா?”

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர், “ஓ, ஆயா வேலையா? அதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமா சார்?” என்றார். இவருடைய சித்தப்பா பெண் நான்கு வருஷத்துக்கு முன் இதே விசாவில் பிரான்சுக்குப் போனவள். அன்றைக்கு இவர் கிளை முழுக்க இனிப்பு கொடுத்து, ‘கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச்’ என்று ஆளாளுக்குச் சொன்னார். அவர்கள் பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டினால் பண்பாட்டுப் பரிமாற்றம். நம் பெண் ஊட்டினால் ஆயா வேலை. வேலை ஒன்றுதான், செய்கிற கை யாருடையது என்பதுதான் பேரைத் தீர்மானிக்கிறது. சாதி வேறெங்கும் இல்லை தோழர்களே, இந்த இரண்டு பேர்களுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அக்காவின் கம்மலை எங்கள் கிளையிலேயே நகைக் கடனுக்கு வைத்தேன். விமான டிக்கெட்டை ஓ-பேர் தன் கைக்காசில்தான் வாங்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கம்மலுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர்கள், பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விமான நிலையத்துக்குப் பூங்கொத்தோடு வந்தார்கள். அறைக் கதவில் இவள் பெயரைப் பிள்ளைகள் வண்ணப் பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம். வீட்டுக்கார அம்மா அக்காவுக்கே போன் செய்து, மகளை விட்டு ஆங்கிலமும் தமிழுமாய் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்: “உங்கள் பெண்ணுக்கு எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லையா? எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறாளே?” இவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுப்படியில் நிற்பாள். பிறகு தன் தட்டில் போட்டுக்கொண்டு சன்னலோரம் நின்றபடியே சாப்பிடுவாள். தட்டைக் கழுவி, மற்ற தட்டுகளோடு சேர்க்காமல் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் பாட்டி ஆண்டை வீட்டுக் கொல்லையில் நின்று வாங்கித் தின்றதை இவள் பார்த்ததுகூட இல்லை. கல்லூரிக் கேண்டீனில் எல்லோரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவள்தான். இருந்தாலும் இன்னொருத்தர் ‘வீடு’ என்று வந்ததும் உடம்பு தானாகக் கொல்லைப்புறத்தைத் தேடிப் போகிறது.

அம்பேத்கர் 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்து இறங்கியதைத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கழித்த ஆண்டுகள், தான் தீண்டப்படாதவன் என்ற நினைவையே அவர் மனசிலிருந்து துடைத்துவிட்டிருந்தன. பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் வந்த கேள்வி: எங்கே தங்குவது? பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். மெத்தப் படித்த மனிதரையும் ஒரு வீட்டு வாசல் நிறுத்தி வைத்துவிட்டது. நமக்கு ‘வீடு’ என்பது வெறும் சுவரும் கூரையும் இல்லை. அது ஒரு விசாரணை. ஊரில் வாடகை வீடு தேடி அலைந்த எந்தத் தோழருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே புதுசாய் ஒரு வீட்டுக்குள் போகிற நம் பெண்ணுக்கு உதவுவதென்றால், சூட்கேசில் ஊறுகாய் கட்டிக் கொடுப்பதோடு முடியாது. “அனுசரிச்சுப் போம்மா” என்பதுதான் நாம் எல்லோரும் சொல்கிற முதல் புத்திமதி. நானும் சொன்னேன். தப்பு. அனுசரிப்பதில் நம் ஆட்களுக்குப் பயிற்சி தேவையில்லை, ஆயிரம் வருஷமாய் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அவளுக்குச் சொல்ல வேண்டியது: “போன முதல் நாள் ராத்திரி மேசையில உக்காரு. நாற்காலிய நீயே இழுத்துப் போட்டு உக்காரு. தட்டு அவங்க தட்டோட கெடக்கட்டும்.” இதைப் போனில் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. மூன்று நாள் கழித்து, “மாமா, உக்காந்து சாப்ட்டேன்” என்றாள், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி.

மேசைப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்த பிரச்சினை மேசையில் உட்கார வைத்தவர்களிடமிருந்தே வந்தது. “நீ இந்தக் குடும்பத்தில் ஒருத்தி” என்றார் அந்த அம்மா. இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள், குடும்பத்தில் ஒருத்தி சனிக்கிழமை ராத்திரியும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள், அவர்கள் விருந்துக்குப் போனார்கள். அடுத்த வாரம் ஜெர்மன் வகுப்பு ஒரு நாள் தவறியது, சின்னதுக்குக் காய்ச்சல். பிறகு துணி இஸ்திரி, அப்புறம் சன்னல் கண்ணாடி. தனியே இருக்கும் பாட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஒருநாள் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் கெஞ்சலாகத்தான், நன்றியோடுதான் கேட்டார்கள். இவளும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். சொந்த வீட்டில் மணிக்கணக்கு யார் பார்ப்பார்கள்? அதுபோக, கம்மல் அடகில் கிடக்கிறதே! ‘இஷ்டமில்லைன்னா ஊருக்குப் போ’ என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற பயம் இவள் வாயைக் கட்டிவிட்டது.

இங்கேதான் நான் காகிதத்தை எடுத்தேன். வங்கி குமாஸ்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் காகிதம்தான். ஐரோப்பியக் கவுன்சில் 1969இலேயே ஸ்ட்ராஸ்பர்கில் ஓ-பேர் பற்றி ஓர் உடன்பாடு செய்திருக்கிறது. சாதாரணமாக ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஓய்வு நாளாவது ஞாயிறாக இருக்க வேண்டும், மொழி வகுப்புக்குப் போக நேரம் தர வேண்டும், உரிமையும் கடமையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜெர்மனியின் சொந்த விதிகளில் வாரத்துக்கு 30 மணி நேரம்தான் உச்சம். சாயங்காலம் அவர்கள் வெளியே போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அந்த 30க்குள்தான் வரும். 2024 நிலவரப்படி மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, மொழி வகுப்புக்கென்று 70 யூரோ தனியாக. காப்பீட்டுப் பணம் குடும்பத்தின் தலையில். வயசாளிகளைப் பராமரிப்பதும் நோயாளிகளைக் கவனிப்பதும் ஓ-பேர் வேலையில் சேராது. ஒத்துவரவில்லை என்றால் சாதாரணமாக இரண்டு வார முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம், மிச்ச மாதங்களுக்கு வேறு குடும்பம் தேடிக்கொள்ளலாம்.

“ஒரு நோட்டு வாங்கு. தெனமும் எத்தினி மணிக்கு ஆரம்பிச்ச, எத்தினி மணிக்கு முடிச்சன்னு எழுது. யாரையும் திட்டி எழுதாத. மணி மட்டும் எழுது” என்றேன். மூன்று வாரம் எழுதினாள். 41, 44, 46 என்று வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நோட்டை மேசை மேல் வைத்தாள். இது நடந்த அன்று நான் தூங்கவில்லை.

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டதாம். “நாங்கள் உன்னைக் குடும்பத்தில் ஒருத்தியாக நினைத்தோம், நீ கணக்கு எழுதியிருக்கிறாயே” என்றாராம். தோழர்களே, இந்த வாக்கியத்தை நன்றாகக் கேளுங்கள். இதை ஜெர்மனில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் ஒன்றுதான். குடும்பத்தில் ஒருத்தி என்கிற பட்டம் எதற்குத் தரப்படுகிறதோ அது இந்த வாக்கியத்தில் வெளியே வந்துவிடுகிறது: கணக்குக் கேட்காமல் இருப்பதற்கு. இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வாராந்திர அட்டவணை ஒன்று போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். 30 மணி நேரம். பாட்டி இல்லை. அதற்குப் பிறகுதான், ஆமாம், அதற்குப் பிறகுதான் இவளுக்கு அந்த வீட்டில் நிம்மதியாய்த் தூக்கம் வந்தது. பிள்ளைகளோடு ஒட்டுதலும் அப்போதுதான் வந்தது. பயத்தில் காட்டுகிற பிரியம் பிரியம் இல்லை.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. பிலிப்பைன்ஸ் அரசு, ஐரோப்பாவில் தன் நாட்டுப் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து 1998இல் ஓ-பேர் அனுப்புவதையே தடை செய்தது. 2012இல்தான் தடையை முழுக்க எடுத்தது. நார்வேயில் ஓ-பேராகப் போனவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்கிற பேரில் மலிவுக் கூலி என்ற விமர்சனம் பல வருஷம் ஓடி, 2024 மார்ச்சில் அந்நாடு திட்டத்தையே மூடிவிட்டது. அமெரிக்காவில் வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை, 195.75 டாலர் படி. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 4 டாலர் 35 செண்ட். கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு பெண் 2014இல் வழக்குப் போட்டாள். 2019இல் 15 ஏஜென்சிகள் சேர்ந்து 6 கோடியே 55 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தன. ஒருத்தி கணக்கு எழுதியதால், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேருக்குப் பாத்தியதை உண்டானது.

ஆகவே போகிற பிள்ளைகளுக்கும் அனுப்புகிற பெற்றோருக்கும் என் அனுபவத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அம்மாவும் கேட்கட்டும். ஜெர்மனியில் உள்ள ஏஜென்சி ஓ-பேரிடம் அதிகபட்சம் 150 யூரோதான் வாங்கலாம். இங்கே லட்சத்தில் பேசுகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். பாஸ்போர்ட் அவள் பையிலேயே இருக்கட்டும், ‘பத்திரமா வச்சிருக்கோம்’ என்று யார் கேட்டாலும் தரக்கூடாது. வீட்டுச் சாவி ஒன்று அவள் கையில் இருக்க வேண்டும், அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போன அன்றே பார்க்க வேண்டும். மொழி வகுப்பைத் தவறவிடக்கூடாது. மொழிக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த வீட்டுக்கு வெளியே அவளுக்கு நாலு முகம் தெரிகிற இடம் அதுதான். பெண்கள் மீதான வன்முறைக்கு ஜெர்மனியில் 116 016 என்ற இலவச உதவி எண் இரவும் பகலும் இருக்கிறது, அதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, பெற்றோருக்கு. 280 யூரோ என்பது ரூபாயில் கால் லட்சத்துக்கு மேலே. கேட்டதும் நமக்குக் கண் விரியும். அது சம்பளமில்லை, கைச்செலவு. அங்கே பஸ்ஸுக்கும் குளிர்ச் சட்டைக்கும் அதுதான். முதல் மாதமே “எவ்ளோ அனுப்புற?” என்று கேட்டால், அந்தப் பிள்ளையை அந்த வீட்டில் கட்டிப் போடுகிற கயிற்றை நாமே திரித்துத் தருகிறோம். அடகை மீட்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கம்மல் கவலை விட்ட பிறகுதான் நோட்டு மேசைக்கு வந்தது.

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருநாள் அவள் போனில் கேட்டாள்: “மாமா, உங்க வூட்ல இருந்துச்சே ஒரு புள்ள. அதுக்கு நீங்க எத்தினி மணி நேரம்னு நோட்டு போட்டீங்க?”

எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது நானும் என் மனைவியும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மனைவி வழியில் தூரத்துச் சொந்தம், கிராமத்தில் தகப்பன் இல்லாத பெண், பதினைந்து வயது. “டவுன்ல படிக்கட்டும், கூடமாட ஒத்தாசையா இருக்கட்டும்” என்று கூட்டி வந்தோம். நம்ம ஜனம், நம்ம சேரி, நம்ம ரத்தம். இரண்டு வருஷம் இருந்தாள். காலை பால் காய்ச்சுவதிலிருந்து ராத்திரி குழந்தை தூங்கும்வரை. பள்ளிக்கூடம் போனாள்தான். குழந்தைக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் போகவில்லை. குழந்தைக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனது. பத்தாம் வகுப்பில் தவறினாள். “படிப்பு ஏறல” என்று நாங்களே ஊரில் சொன்னோம். கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். வருகிறவர்களிடம் சொல்வோம்: “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி.” எங்களோடு ஒன்றாய் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அதைப் பெரிய புரட்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூலி பற்றி ஒரு கவிதைத் தொகுப்பும் அந்த இரண்டு வருஷத்தில்தான் போட்டேன். குழந்தையை அவள் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் எழுத நேரம் கிடைத்தது.

பதினான்கு வயசுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்கிறது 2016ஆம் வருஷத் திருத்தச் சட்டம். அவளுக்குப் பதினைந்து. சட்டப்படி நான் சுத்தம். இந்தச் சுத்தத்தைத்தான் சாதி இந்துவும் பேசுகிறான்.

கணக்குப் போட்டேன். தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. ஒரு நாளைக்கு ஐந்தே மணி நேரம் என்று வைத்தாலும், உண்மையில் அது ஐந்து இல்லை, இரண்டு வருஷத்துக்கு 1,35,050 ரூபாய். வட்டி சேர்க்கவில்லை. அவளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கிறது. அவள் பெயரில் கணக்குத் தொடங்கி மாதாமாதம் போட்டு வருகிறேன். போய்ச் சொன்னபோது, “எதுக்கு மாமா, நம்ம வூடுதான?” என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. கூலி பாக்கியைக் கொடுப்பது தர்மமும் இல்லை, புரட்சியும் இல்லை. பத்தாம் வகுப்பை எந்தக் கணக்கில் போட்டுத் திருப்பித் தருவது?

2024 ஜனவரியில், அன்றைய ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவரின் மகனும் மருமகளும், சென்னை வீட்டில் தங்கி வேலை செய்த தலித் பெண்ணைச் சித்திரவதை செய்தார்கள் என்ற புகாரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். பிளஸ் டூ முடித்த பெண் அவள். நாம் கொதித்தோம், ஆர்ப்பாட்டம் செய்தோம். சரிதான், செய்ய வேண்டியதுதான். வீட்டு வேலை செய்பவர்களைத் தொழிலாளர்களாக மதிக்கச் சொல்லும் சர்வதேச உடன்படிக்கை 2011இல் வந்தது, இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. இவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசைக் கேட்டது. அதற்கும் போராடுவோம். ஆனால் ஆர்ப்பாட்டத்துக்குப் போன நாளில் நம் வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? உத்தியோகத்துக்கு வந்த நம் ஆட்கள் எத்தனை பேர் வீட்டில், ஊரிலிருந்து ‘படிக்க வந்த’ ஒரு பெண் இருக்கிறாள்? ஆண்டை அடித்து வேலை வாங்கினான். நாம் உறவு சொல்லி வாங்குகிறோம். வலி வேறு. மணிக்கணக்கு ஒன்றுதான்.

ஜெர்மன் விதி ஒன்றைக் கவனியுங்கள். குடும்பத்தாரின் தாய்மொழி ஜெர்மன் இல்லையென்றால், அவர்கள் தங்கள் பூர்வீக நாட்டிலிருந்து ஓ-பேரை வரவழைக்க முடியாது. அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம் நம் ஊர்ப் பெண்ணை இந்த விசாவில் கூப்பிட முடியாது. மொழி கற்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி. எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. அன்னியரிடம் கணக்குக் கேட்க ஒரு நோட்டுப் போதும். சொந்தக்காரரிடம் கேட்க அதற்கு மேல் ஏதோ வேண்டியிருக்கிறது.

அதை இயக்கம்தான் தர முடியும். அக்கா மகள் ஒரு வருஷம் முடித்து, அங்கேயே நர்சிங் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். அவள் நோட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வருகிறேன். வீட்டில் ஒத்தாசைக்குப் பெண் வைத்திருக்கிற தோழர்கள் நான்கு விஷயங்களை எழுதி எடுத்து வாருங்கள்: அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள், எத்தனை மணிக்குப் படுக்கிறாள், கையில் எவ்வளவு தருகிறீர்கள், பள்ளிக்கூடம் எத்தனை நாள் போனாள். முதலில் என் கணக்கைப் படிக்கிறேன். பிறகு நீங்கள் படியுங்கள்.

முடிந்தால் அவளையும் கூட்டி வாருங்கள். அவள் கணக்கை அவளே படிக்கட்டும்.